புல்லு வெட்டினீங்களோ?

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஓ.எல். வரை படித்தவன் நான். அதிலும் கணக்குப் பாடம் ஓடவில்லை. வாரா வாரம் இந்த மூலையில் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் ஏதோ எழுதுகிறேன், நீங்களும் பொறுத்துக்கொண்டு வாசிக்கிறீர்கள். இந்தக் கிழமை மின்சாரக் கொள்கை, அரசாங்கத்தின் பொறுப்பு என்று பெரிய இடத்தில் கால் வைக்கப் போகிறேன். இதையெல்லாம் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். தெரியும்.

ஆனால் என்ன செய்ய... கோபமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால், வாய்க்கால் முடிவில் இருக்கும் குடும்பத்தின் வயலில் ஓர் ஏக்கர் நெல்லைக் காணவில்லை. நெல் நின்ற இடத்தில் சேறும், சட்டி அகலத்துக்குக் கால் தடங்களும். யானைகள் காட்டிலிருந்து நேராக வந்து, எங்கள் மின்வேலியில் இரண்டு கட்டைகளைச் சரித்துவிட்டு, கொடியில் காயும் சாரத்தை விலக்குவது போலக் கம்பியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கின்றன. கம்பியில் மின்சாரம் இருந்தால் அப்படி வருமா?

யானை வேலி தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. காட்டோரம் நெடுகக் கம்பி. அதற்கு ஒரு சோலர் தகடு, ஒரு பற்றரி, ஒரு பெட்டி. பெட்டி விட்டு விட்டுக் கம்பிக்கு ஒரு மின் அடி அனுப்பும். யானை சாகாது, ஆனால் ஒருமுறை பட்டால் மறுமுறை யோசிக்கும். கம்பியில் புல்லோ கொடியோ தொட்டுக்கொண்டு நின்றால் அந்த அடி நிலத்துக்குள் இறங்கி வீணாகிவிடும். அதனால் வேலி வந்த நாளிலேயே ஊர் கூடி ஓர் ஒழுங்கு செய்தது. வீட்டுக்குப் பன்னிரண்டு கட்டை. அந்தப் பன்னிரண்டு கட்டைகளுக்கு இடையில் புல் வளராமல் பார்ப்பது அந்த வீட்டின் வேலை. பெட்டியையும் பற்றரியையும் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. பெட்டிக் கூட்டுப் பூட்டின் திறப்பும் அவர்களிடம்தான்.

எங்கள் இரண்டு ஏக்கர், யானை புகுந்த வயலிலிருந்து இரண்டு வரம்பு தள்ளி இருக்கிறது. கதிர் பழுக்கத் தொடங்கியிருந்தது. நெல் வெட்டுக்கு இருபது நாள். அந்த நெல்தான் எங்கள் வீட்டுக்கு வருடம் முழுவதும் சோறு. வழி தெரிந்த யானை அந்த வழியால் திரும்பவும் வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கே வேலிக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். கூட்டங்களில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று கேட்டுவிட்டு வருகிற ஆள். சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"புல்லு வெட்டினீங்களோ?"

எங்கள் ஊரிலிருந்து யார் போனாலும் இதைத்தான் கேட்பார்களாம். என் பன்னிரண்டு கட்டையிலும் கொடி ஏறி எத்தனையோ நாள். வேலிதான் வேலை செய்யவில்லையே, வெட்டி என்ன பயன் என்று விட்டுவிட்டேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் உட்காரக்கூட இல்லை.

வாய் திறக்க முடியாதவனுக்குக் கடவுள் கையில் ஒரு போனைக் கொடுத்திருக்கிறாரே!

எங்கள் பக்கத்து ஊர்களுக்கென்று ஒரு முகநூல் பக்கம் இருக்கிறது. அங்கே எனக்குப் பெயர் 'வன்னிக் காற்று'. படத்துக்கு ஓர் உழவு ரக்ரர் — அதுவும் என்னுடையது இல்லை. அன்று பின்னேரம் யாரோ ஒரு செய்தி போட்டிருந்தார்கள். சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். அதன் கீழே நான் எழுதினேன்:

'நாட்டுக்கே சூரிய மின்சாரம் தரப் போகிறவர்களே, எங்கள் வேலிக்கு நீங்கள் தந்தது ஒரே ஒரு தகடு. அதையே பார்க்க உங்களுக்கு வழியில்லை. பிறகு என்ன கொள்கை?'

போனைக் கீழே வைப்பதற்குள் கை தட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு வாழ்ந்த எனக்கு அப்படி ஒருவரும் கை தட்டியதில்லை. ருசி பட்டுவிட்டது.

அடுத்த நிமிடம் ஒருவர் வந்தார். பெயர் 'நீதியின் குரல்'. படத்தில் சூரியன் மறைகிறது. 'இலவசமாக வேலி தந்தால் புல் வெட்டவும் அரசாங்கமா வர வேண்டும்? சோம்பேறிகள்' என்று எழுதினார். கொஞ்சம் படித்த தமிழ். எனக்கு உச்சி சூடாகிவிட்டது.

எட்டு நாள் நடந்தது அந்தச் சண்டை. வேலியில் தொடங்கியது நிலக்கரிக்குப் போனது. நிலக்கரியிலிருந்து காற்றாலைக்கு. அங்கிருந்து மின்கட்டணம், எரிபொருள் வரிசை, யார் யாருக்கு வோட்டுப் போட்டார்கள், ஏன் போட்டார்கள்... காற்றாலை எப்படிச் சுற்றுகிறது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் எழுதினோம். நான் வரம்பில் இருந்து எழுதினேன். குசினி வாசலில் நின்று எழுதினேன். சோறு ஆறும்வரை எழுதினேன்.

நடுவில் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் புகுந்தார். பனிக்குள் நிற்கும் படம். நான் எங்கோ என் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டி வயலாக்கிய கதையை எழுதிவிட்டேன். அவர் கேட்டார்: 'அப்ப நீங்கள் வந்த ஆட்கள்தானே, உங்களுக்கு ஏன் இந்தக் கதை?'

நான் பிறந்தது இங்கே. யுத்தத்துக்கு ஓடியதும் இங்கிருந்து, திரும்பி வந்ததும் இங்கே. அன்று போனை எறியப் பார்த்தேன். அந்த மனிதருக்குப் பதில் எழுதியது யார் தெரியுமா? நீதியின் குரல். 'இந்த ஆள் சோம்பேறி என்று நான் சொல்லலாம். பனிக்குள் நிற்கிற நீ இவரை வந்தவன் என்று சொல்லாதே.' இரண்டே வரி. வெளிநாட்டுக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை.

நன்றி சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் திரும்பவும் நிலக்கரிக்கு வந்துவிட்டார். நானும் விடவில்லை.

என் மனைவி எட்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கத்தியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, யானை பேஸ்புக் பாக்கிறேல்லை. இதைக் கொண்டு வேலிக்குப் போங்கோ."

சனங்கள் என்னிடம் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

அன்று மத்தியானம் நீதியின் குரல் ஒரு போட்டோ போட்டார். 'மக்களின் பொறுப்பு இதுதான். பார்த்துக்கொள்ளுங்கள்' என்று தலைப்பு. யானை வேலி. கம்பியே தெரியாமல் கொடி. நடுவில் ஒரு கட்டை. கட்டையில் ஒரு பழைய மஞ்சள் சேட்.

அது நான் போட்டுக் கிழிந்த சேட். மயிலை விரட்ட நான் கட்டியது.

என் பன்னிரண்டு கட்டையையும் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்திருந்தார்கள். என் கொமெண்ட்டுக்குக் கை தட்டிய அதே ஆட்கள்தான்! வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நீல நிறத் தகரம் கொஞ்சம் தெரிந்தது. தவமண்ணை வீட்டுத் தண்ணீர் மோட்டார் கொட்டில். அதனடியில் நின்று போட்டோ எடுக்க அவரை விட்டால் வேறு யார்?

தவமண்ணை எங்கள் பக்கத்து வயல்காரர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் குளத்தின் கீழ் காணி எடுத்தவர். வேலியில் என் பன்னிரண்டு கட்டை முடிகிற இடத்தில் அவருடைய பன்னிரண்டு தொடங்குகிறது. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் பேசியது, "என்ன தம்பி, தண்ணி வந்ததே?" "ஓம் அண்ணை." அவ்வளவுதான். அவரும் என்னைப் போலத்தான், பேச மாட்டார்.

கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டத்தான் — புல்லை. அவர் கொட்டிலடியில் நின்றார். கையில் போன்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு அண்ணை" என்றேன்.

"எந்தப் போட்டோ?"

"நீதியின்ர குரல் போட்டது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கட்டையில் ஆடிய சேட்டைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"அப்ப வன்னிக் காற்று நீயே? எட்டு நாளா உன்னோடயே நான் மல்லுக்கட்டினது?"

"ஓம்."

"நேரில உனக்கு வாயில்லை எண்டெல்லோ ஊர் சொல்லுது."

"உங்கட பன்னிரண்டு கட்டையையும் சேத்து எடுத்திருக்கலாம் அண்ணை. அங்க உங்கட கொடி என்ர கொடியை விட உயரம்."

அவர் போனைத் தூக்கி வேலிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "போன்ல அவ்வளவு அகலம் வராது தம்பி" என்றார்.

கோபத்தோடு போனவன் சிரித்துவிட்டேன். என்ன செய்ய? அவரும் உள்ளே போய்க் கத்தி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் குனிந்தோம். நாங்கள் வெட்டுவதைக் கண்டு பக்கத்துப் பங்குக்காரர்களும் இறங்கினார்கள், யானை சரித்த கட்டை இரண்டையும் நிமிர்த்தினார்கள். எட்டு நாள் எழுதியதில் ஒரு புல்லும் அசையவில்லை. ஒரு பின்னேரத்தில், எங்கள் பக்கத்து வேலியில் பெட்டி இருக்கும் இடம் வரைக்கும் கம்பி வெளியில் தெரிந்தது. தொட்டுக்கொண்டு ஒரு கொடி இல்லை.

தவமண்ணை ஒரு பச்சைப் புல்லைப் பிடுங்கிக் கம்பியில் மெதுவாக வைத்தார். வேலி வேலை செய்தால் விரலில் சின்னதாக ஒரு தட்டு வரும். புல்லை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"ஒண்டுமில்லை" என்றார்.

பெட்டிக் கூட்டுக்குப் போனோம். பூட்டு துருப்பிடித்துப் போய் இருந்தது. அவர் கத்திப் பிடியால் ஒரு தட்டுத் தட்ட, கையோடு வந்துவிட்டது. உள்ளே பற்றரி வயிறு ஊதிப் போய், முனை இரண்டும் பச்சை பூத்து, மேலே பல்லி முட்டை. செத்து எவ்வளவு காலமோ!

கதவின் உட்பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். மாதா மாதம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் தாள். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே 'நல்ல நிலையில் உள்ளது.' ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. ஒரே பேனை, ஒரே சாய்வு. யானை வந்த மாதத்துக்கும் இருந்தது. சரி, தவமண்ணை விரலை வைத்துக் கீழே கீழே போனார்.

அடுத்த மாதத்துக்கும் இருந்தது.

அதற்கு அடுத்த மாதத்துக்கும். வருடக் கடைசி வரைக்கும் எங்கள் வேலி நல்ல நிலையில் இருக்கிறது. வராத மாதத்தில் வேலி எப்படி இருக்கும் என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் வந்து, ஒரே இருப்பில் முழு வருடத்தையும் பார்த்து முடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் அந்தத் தாளை இன்னொருமுறை மேலிருந்து வாசித்தேன்.

நாங்கள் புல் வெட்டவில்லை. பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பிழை கொடியாக வளர்ந்து எல்லோருக்கும் தெரியும்படி கம்பியில் தொங்கியது. போட்டோவும் எடுக்கலாம். அவர்களுடைய பிழை பூட்டுக்குள் இருந்தது. 'புல்லு வெட்டினீங்களோ?' என்ற ஒரு கேள்வி போதும், ஒரு ஊரே தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போனோமே! நான் போனேனே! ஓர் ஏக்கர் நெல் போன குடும்பமும் அந்தக் கேள்விக்குத்தான் தலை குனிந்து வந்திருக்கிறது. எங்கள் வெட்கம் அவர்களுக்கு எவ்வளவு வசதி!

நானும் தவமண்ணையும் என்ன செய்துகொண்டிருந்தோம்? பார்த்திராத நிலக்கரிக்கும் தெரியாத காற்றாலைக்கும் சண்டை பிடித்தோம். எல்லா அரசாங்கங்களையும் கேள்வி கேட்டோம். நூறு யார் தூரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. கொள்கை எழுதுகிறவர்களுக்கும் இதுதான் வசதி. நாங்கள் நாட்டைப் பற்றிப் பேசும்வரை அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்டால்தான் பிரச்சினை. ஏனென்றால் பெட்டிக்குப் பொறுப்பான ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு மேசை இருக்கிறது, ஒரு கையெழுத்து இருக்கிறது.

தவமண்ணை அந்தத் தாளைப் போட்டோ எடுத்தார். "இப்பவே பேஸ்புக்கில போடுறன். நாறட்டும்" என்றார்.

"வேண்டாம் அண்ணை. முதல்ல கந்தோருக்குப் போவம்."

"ஆர் கதைக்கிறது?"

"நான் கதைக்கிறன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உறைக்குள் இருந்த தாளைக் கவனமாக எடுத்து, மடித்து, என் சேட் பொக்கற்றில் வைத்துவிட்டார். நெல் வெட்டுக்கு அப்போது பதினொரு நாள் இருந்தது.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு நாங்கள் இருவரும் போனோம். அதே மேசை, அதே ஆள். புல்லு வெட்டினீங்களோ என்று கேட்டார். ஓம் என்றேன். தாளை விரித்து மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து இருந்தேன். பற்றரி கொழும்பிலிருந்து வர வேண்டும், ஒரு கிழமையாவது ஆகும் என்றார். நாங்கள் எழும்பவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குப் பற்றரி வந்தது. அந்தக் கந்தோரின் பின்னறையிலிருந்து.