லாபம், ரெண்டு, மூண்டு

கருவாட்டு மணம்...

பருத்தித்துறைக் கடற்கரையோரம் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்தால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான். கிடுகுத் தட்டிக்கு அந்தப்பக்கம் மீன் காயும். இந்தப்பக்கம் முதலாம் வகுப்பு. நடுவில் நான், அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு!

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு ரீச்சராக வேண்டும், வேறொன்றும் வேண்டாம். சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகவாவது சேரலாம் என்று நான் சைக்கிளில் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி.

"முன்னம் எங்கையும் படிப்பிச்சிருக்கிறீரோ?"

படிப்பிக்க விட்டால்தானே படிப்பித்திருப்பேன்...

கடைசியில் இந்தப் பள்ளிக்கூடத்து அதிபர்தான் இரங்கினார். "ஒரு மாதம் நில்லும் பிள்ளை. பிறகு வந்து வகுப்பைப் பாப்பன். சரிவராட்டி குறை நினைக்கக் கூடாது."

கரும்பலகை இருந்தது, வெண்கட்டி கிடைக்காத காலம். முற்றத்து மணலில் விரலால் எழுதினோம். சிப்பி பொறுக்கி வந்து எண்ணினோம்.

மாதம் முடிய, சொன்னபடி அதிபர் வந்து வாசலில் நின்றார். மீன் விற்பவரின் மகள் ஜெசிந்தாவை எழுப்பினேன். வகுப்பிலேயே கெட்டிக்காரி. சிப்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணத் தொடங்கினாள்.

"லாபம்... ரெண்டு... மூண்டு..."

எனக்கு உயிரே போய்விட்டது. சந்தையில் எண்ணிப் போடுகிறவர்கள் முதலாவதை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். வியாபாரம் பெருகட்டும் என்று லாபம் என்பார்கள். பிள்ளை தகப்பனிடம் கேட்டதை அப்படியே சொல்கிறாள்.

அதிபரின் முகம் சுருங்கியது. "ஒரு மாதமா உந்த லாபக் கணக்கையோ படிப்பிச்சனீர்?"

ஜெசிந்தாவின் முகம் வாடிப்போனது. அதைக் கண்டதும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"பொறுங்கோ சேர்," என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். "அப்பாட்டை எட்டு மீன். மூண்டு வித்துப்போச்சு. மிச்சம் எத்தினை?"

"அஞ்சு, ரீச்சர்!"

சிப்பியைத் தொடக்கூட இல்லை. கழித்தல் அடுத்த தவணைக்குரிய பாடம். அதிபர் தானும் ஒரு கணக்குக் கேட்டார். பின்வரிசை வாங்கிலிருந்து நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தி விடை சொன்னார்கள்.

அவர் போகத் திரும்பினார். பிறகு, "நாளைக்கும் வாரும், ரீச்சர்," என்றார்.

அதுவரை அவருக்கு நான் வெறும் பிள்ளை. அன்று வீட்டுக்குச் சைக்கிள் ஓடியதாகவே நினைவில்லை, பறந்துதான் போயிருப்பேன்.

இப்போது லண்டனில் ரீச்சிங் அசிஸ்ரன்ட். இங்கே வேலை கேட்டுப் போனபோதும் அதே கேள்விதான், முன்பு வகுப்பறையில் நின்றிருக்கிறீர்களா என்று. இந்தமுறை நிமிர்ந்திருந்து "யெஸ்" என்றேன்.

பெட்டி பெட்டியாகக் கலர் பென்சில்கள். கருவாட்டு மணம் மட்டும் இல்லை... ஆனால் பென்சில் எண்ணிக் கொடுக்கும்போது என் வாய் ஜெசிந்தாவிடம் பழகியதை விடுவதில்லை.

போன கிழமை ஒரு வெள்ளைக்காரக் குஞ்சுப் பிள்ளை தன் பென்சில்களை அடுக்கிவைத்து எண்ணியது.

"லாபம்... டூ... த்ரீ..."

வகுப்பு ரீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் திருத்தவில்லை.