பிரெட் பாக்கெட்டின் பின்பக்கம்

என் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பார்கள். வரட்டுமே. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு எங்கே வரும்?

அவளுடைய வேலை லேசானது அல்ல. நாற்பதைத் தாண்டினவர்கள் காகிதத்தைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "வெளிச்சம் பத்தலைம்மா" என்பார்கள். தங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அச்சடித்தவன்தான் சரியில்லை என்று சாதிப்பார்கள். பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் மோசம். சோதிக்கிற அட்டையில் உள்ள வரியெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போய், மறுவாரம் "கண்ணாடி சரியில்லை" என்று சண்டைக்கு வந்து நிற்பார்கள். அதனால் அக்கா அந்த அட்டையை நம்புவதை விட்டுவிட்டாள். மாத்திரை அட்டை, சோப்பு உறை, பால் கவர் என்று கையில் அகப்பட்டதை நீட்டி, "இதைப் படிங்க" என்பாள். படித்தால்தான் பில்.

அவள் புருஷன், எங்கள் மாமா, இதற்கு நேர் எதிர். நகரப் பேருந்து ஓட்டுகிறார். டிப்போவில் அவருக்கு 'பிரேக்' என்று பட்டப்பெயர், ஏனென்றால் ஓடி வருகிற யாருக்காகவும் வண்டியை நிறுத்திவிடுவார். யார் எது சொன்னாலும் நம்புவார். வாயில்லாப் பூச்சி. அக்கா வாய்க்கு அவர்தான் வாய்த்தார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அந்த வருஷம் டிரைவர்களுக்கான மருத்துவச் சோதனையில் அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது, எடையும் கூடியிருந்தது. மூன்று மாதத்தில் இரண்டையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, டிப்போ கேட்டில் உட்கார வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த மாமா, அழுக்கே இல்லாத யூனிஃபார்மை எடுத்துத் துவைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் அக்கா அவர் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கினாள். பஸ் இல்லாவிட்டால் அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் இல்லை. சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது. லீவு நாளில்கூட வேறொருத்தர் ஓட்டுகிற பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு வருவார்.

அவருக்குக் காலைச் சாப்பாடு பிரெட். மதியமும் பெரும்பாலும் அதுதான். கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, அடுத்த டிரிப்புக்கு விசில் வருவதற்குள் ஒரு கையால் சாப்பிட முடிகிற சாமான் வேறு என்ன இருக்கிறது? ஆகவே எந்த பிரெட் என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது முதல் கேள்வி.

அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பெரிய கடைக்குப் போனாள். அலமாரி முழுக்க பிரெட். அதில் ஒன்று நல்ல பழுப்பு நிறம், உறையில் கோதுமைக் கதிர், பக்கத்தில் ஒல்லி இடுப்போடு ஒரு பொண்ணு. 'லைட்' என்று கொட்டை எழுத்து. ஒரு ஸ்லைஸுக்கு இவ்வளவுதான் கலோரி என்று ஒரு வட்டம். மற்றதைவிட விலையும் கூட. விலை கூடினால் சரக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வர்க்கம்தானே நாம்? வாங்கி வந்தாள்.

மாமாவுக்கு அந்த பிரெட் பிடித்துப்போயிற்று. பஞ்சாக இருந்தது, வாயில் போட்டதும் கரைந்தது. இரண்டு தின்றால் பசி அடங்கவில்லை, நாலு தின்றார். அதுவும் பத்தவில்லை. "லைட்டுதானே மாப்ளே, கூட ரெண்டு தின்னா என்ன ஆயிடப் போகுது?" என்று என்னிடம் கேட்டார். நானும் தலையாட்டினேன். டீக்குச் சர்க்கரையை நிறுத்தினார். டிப்போவில் யார் இனிப்புக் கொடுத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

பாதி அவகாசம் ஓடினபிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாம எங்கயோ வாங்கித் திங்கறீங்க. உண்மையச் சொல்லுங்க."

"நீ குடுத்ததைத் தவிர ஒண்ணும் திங்கலம்மா."

"அப்புறம் எப்படி ஏறும்? காத்துலயா ஏறும்?"

சட்டைப் பையைத் துழாவினாள். பஸ் சாவி, சீப்பு, கைக்குட்டை, வேறெதுவும் இல்லை. கண்டக்டருக்கு ஃபோன் போட்டு விசாரித்தாள். மாமா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஆன ஒரு மனுஷன் மிட்டாய் திருடினதாகக் குற்றம் சாட்டப்பட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அந்த வாரமே ஒரு தையல்காரர் புதுக் கண்ணாடி வாங்க அக்கா கடைக்கு வந்தார். அவரும் அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஆசாமி. அக்கா தன் சாப்பாட்டுப் பையில் கைவிட்டு, வெள்ளரிக்காய் சுற்றிவைத்திருந்த பிரெட் உறையை எடுத்து உதறி, பொடி எழுத்துப் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

தையல்காரர் ஊசியில் நூல் கோக்கிறவர் போல நிதானமாக, உரக்கப் படித்தார். "மைதா… சர்க்கரை… பாமாயில்… கோதுமைத் தவிடு… அப்புறம் என்னமோ நம்பர் நம்பரா போட்டிருக்கு… நிறத்துக்கு, கருக்கின சர்க்கரை…" நிமிர்ந்து, "கண்ணாடி ஜோரா இருக்கும்மா! எறும்புக் காலுகூடத் தெரியுது" என்றார்.

அக்கா பில் போடவில்லை. உறையை வாங்கித் தானே படித்தாள். அவளுக்கும் படிக்கிற கண்ணாடி உண்டு. பிரெட் வாங்கின அன்று அது பையில்தான் இருந்தது. எடுத்து மாட்டச் சோம்பல், முன்பக்கம்தான் எல்லாம் சொல்லிவிட்டதே என்ற எண்ணம். இந்தப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை. பழுப்பு நிறம் கோதுமையிலிருந்து வந்ததல்ல, பூசினது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள், கையில் இரண்டு பாக்கெட். எங்கள் வீட்டுப் பழைய தராசில் ஒரு பக்கம் சாதா வெள்ளை பிரெட் ஒரு துண்டு, மறுபக்கம் இந்த 'லைட்' துண்டு. வெள்ளை ஒன்றுக்கு 'லைட்' இரண்டு வைத்தால்தான் தட்டு சமமாக நின்றது.

"பாத்தியாடா? மெலிசா வெட்டிட்டுக் கலோரி கம்மின்னு போட்டிருக்கான். அரை டம்ளர் பாலைக் குடுத்துட்டுக் கொழுப்பு பாதின்னு சொல்ற மாதிரி! அந்த மனுஷன் பசி தாங்காம எட்டு, பத்துன்னு தின்னிருக்காரு. நான் அவரைத் திருடன்னேன்."

சொல்லிவிட்டு அழுதாள். என் அக்கா அழுது நான் பார்த்தது குறைவு. அவள் அழுதால் மறுநாள் யாருக்கோ கேடுகாலம் என்று அர்த்தம்.

மறுநாள் அந்தப் பெரிய கடைக்கு நானும் கூடவே போனேன், கைகலப்பு ஆகாமல் பார்த்துக்கொள்ள. மேனேஜர் நல்ல இஸ்திரி போட்ட சட்டை, நல்ல சிரிப்பு.

"மேடம், நாங்க விக்கிறோம், அவ்வளவுதான். செய்யறது கம்பெனி. அதோட எல்லாம் பின்னாடி தெளிவாப் போட்டிருக்காங்களே, படிச்சுட்டு வாங்கலாமே?"

"முன்னாடி பெரிசாச் சொல்லிட்டு, அது இல்லேன்னு பின்னாடி பொடியாச் சொன்னா, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு சார்?"

"சட்டப்படி சரியாத்தான் இருக்கு மேடம்."

அதுதான் எனக்கும் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூடக் கழுத்தைப் பிடிக்கலாம். இவர்கள் பொய்யே சொல்லவில்லை. உண்மையை எடுத்துக்கொண்டு போய், ஒட்டின மடிப்புக்குக் கீழே, யாரும் புரட்டாத இடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். கம்பெனிக்கு ஃபோன் போட்டோம். உங்கள் ஆரோக்கியம் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் பாட்டுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அலமாரியிலிருந்த பிரெட்டையெல்லாம் ஒவ்வொன்றாக என்னை எடுத்துத் தரச் சொன்னாள். முதல் வார்த்தை முழுக் கோதுமை இல்லையா, தள்ளு. சர்க்கரை முன்வரிசையில் நிற்கிறதா, தள்ளு. படித்தால் பல்லில் மாட்டுகிற பெயர்கள் வருகிறதா, தள்ளு. கலோரியை ஸ்லைஸ் கணக்கில் பார்க்காதே, நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பார். வண்டி தள்ளி வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா மட்டும் நின்று, தன் கூடையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் அடித்தட்டில், படமே இல்லாத வெறும் கவரில் ஒன்று கிடைத்தது. முழுக் கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு. அவ்வளவுதான். கையில் எடுத்தால் கனத்தது.

மாமா முதல் துண்டைக் கடித்துவிட்டு, "என்னம்மா இது, அட்டை மாதிரி இருக்கு" என்றார்.

"மென்னு தின்னுங்க. பல்லு எதுக்கு இருக்கு?"

மென்று தின்றார். இரண்டு துண்டு, ஒரு முட்டை, வெள்ளரிக்காய். இரண்டாவது டிரிப் முடியும்வரை பசிக்கவில்லை என்று அவரே ஆச்சரியப்பட்டார். அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு முட்டை உரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள், அதை மட்டும் பார்த்தேன்.

சர்க்கரையும் எடையும் இறங்கின. ஆனால் போதுமான அளவு இறங்கவில்லை. பாதி அவகாசத்தை அந்த ஒல்லி இடுப்புக்காரி தின்றுவிட்டாளே! டாக்டர் நல்லவர். "இப்பதான் சரியாப் போகுது. கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். ஆனாலும் விதி விதிதான். அடுத்த சோதனை வரைக்கும் மாமாவுக்கு கேட் டியூட்டி. சொன்னதைச் சொன்னபடி செய்த மனுஷனுக்குக் கிடைத்த கூலி இது. தன்னுடைய பஸ்ஸை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வெளியே போக, இவர் கேட்டின் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

ஒரு நாள் காலை டிப்போ வாசலில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. வேன் முழுக்கக் கோதுமைக் கதிர், அதே இடுப்பு, அதே 'லைட்'. டிரைவர்களின் ஆரோக்கியத்துக்காக இனிமேல் கேன்டீனில் இந்த பிரெட்தான் என்று மேலே யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

மாமா கட்டையைத் தூக்கவில்லை. ஓடி வருகிற யாருக்காகவும் நிற்கிறவர், அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேன்காரர் கத்தினார், பின்னால் பஸ்கள் வரிசை கட்டின. கடைசியில் மேலதிகாரி வேர்க்க விறுவிறுக்க வந்து தன் கையாலேயே கட்டையைத் தூக்கி வேனை உள்ளே விட்டார். மாமாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "என்னன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"உண்மையத்தான்மா எழுதினேன். அந்த பிரெட்டைத் தின்னு நான் ஒருத்தன் ஏற்கனவே இங்க வந்தாச்சு. இன்னும் எத்தனை டிரைவர் வருவாங்களோ, கேட்ல ஒரு நாற்காலிதான் இருக்குன்னு எழுதினேன்."