லோகாம்பாள் வைக்கும் ஆட்டுக்கால் சூப்

ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவில் யாருக்கு உடம்பு தளர்ந்தாலும் லோகாம்பாளைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்றவள், படகில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டவன், டெங்குவில் படுத்து எழுந்தவன் எல்லாருக்கும் அவள் வைத்த ஆட்டுக்கால் சூப் உள்ளே இறங்கியாக வேண்டும். ஆட்டுக்காலைத் தணலில் வாட்டி, முடி போகச் சுரண்டி, தட்டி, மிளகு சீரகம் பூண்டோடு விறகடுப்பில் ஏற்றினால் பொழுது சாயும்வரை கொதிக்கும். ஆறியதும் கரண்டியில் தளதளவென்று நிற்க வேண்டும். அப்போதுதான் எலும்பின் சத்து இறங்கியதாக ஒப்புக்கொள்வாள்.

அவள் புருஷன் கோதண்டம் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர். இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் குந்தியபடியே நகர வேண்டும். அந்த வேலையில் கால் வீங்காத ஆள் கிடையாது. அவர் கால் வீங்கியபோது இருவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. முகமும் வீங்கி மூச்சு வாங்கியபோது, ஏரித் தண்ணீர் தெம்பை உறிஞ்சிவிட்டது என்று லோகாம்பாள் தினமும் சூப் வைத்தாள். வாய்க்கு ருசியே தெரியவில்லை என்றார். உப்பைக் கூட்டினாள்.

பொன்னேரியில் பார்த்த டாக்டரம்மா, இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்.

"சூப்பு நல்லதுதாம்மா, மத்தவங்களுக்கு. அதுல இருக்கிற உப்பையும் சத்தையும் இவரு கிட்னி தாங்காது. ஒரு வாய்கூட குடுக்காதீங்க."

"அப்ப இன்னாதான் குடுக்கிறது?"

டாக்டரம்மா சொன்னவற்றில் லோகாம்பாளுக்குச் சமைத்துப் பழக்கமான பண்டம் எதுவுமே இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு நிவேதாவுக்குக் குழந்தை பிறந்தது. கூப்பிட்டார்கள். போக மனமில்லை; பச்சை உடம்புக்காரி காத்திருக்கிறாளே என்று போனாள். சூப்பை இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் வாசனை முந்திக்கொண்டு வந்திருந்தது. பாயில் படுத்திருந்த கோதண்டம் மூக்கை உறிஞ்சினார்.

"மிளகு கம்மியாப் போட்டுக்கீறியே. கை மறந்து பூட்ச்சா?"

"புள்ள பெத்தவளுக்கு அவ்ளோதான் போடணும்."

"சட்டி கழுவுன தண்ணியாச்சும் எடுத்துனு வந்தியா?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னாத்துக்கு சாத்துற? வாசனையில இன்னா, உப்பா கீது?"

லோகாம்பாள் தாழ்ப்பாளை நீக்கினாள். பிறகு கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, அவருக்கு உப்பில்லாத கஞ்சியை ஆற்ற உட்கார்ந்தாள்.