புள்ளி நாலு

மழையப் பொய்யா எழுதுனவன் நான். கவிதையில இல்லைங்க, ஆபீஸ் நோட்டுல.

முன்னாடி நான் ஒரு காலேஜ்ல புவியியல், சுற்றுச்சூழல் துறையில வேலை பாத்தேன். அந்த வாட்ஸ்அப் குரூப்புல போன வாரம் ஒரு செய்தி. மொட்டமாடியில தானா மழை அளக்குற மெஷின் வச்சிருக்காங்க, ரிப்பன் வெட்டுற போட்டோவோட. மொத ஆளா கைதட்டுற பொம்மையப் போட்டேன். போட்டப்பறம்தான் ஒறச்சுச்சு, என்னைய மாதிரி ஆளுகளுக்குப் பயந்துதான் அந்த மெஷினே வந்திருக்கு.

அப்பல்லாம் துறைச் செய்தின்னா வாசல்ல ஒரு கரும்பலகை, எழுதுறது நான். சாக்பீஸ் வாசனையும் மேப் ரூம் அந்துருண்டை வாசனையும் கலந்து அடிக்கும். இன்னைக்கும் துணி பீரோவத் தொறந்தா எனக்கு ஆப்பிரிக்கா மேப்புதான் ஞாபகம் வருது. ஓசோன் தினப் பேச்சுப்போட்டி, சித்தன்னவாசல் களப்பயணம், சாப்பாடு அவரவர் கொண்டு வரவும். எல்லாத்துக்கும் கீழ 'நேற்றைய மழை' இத்தனை மில்லிமீட்டர். தோட்டத்து மழைமானிய காலையில எட்டரைக்கு அளந்து நான் எழுதணும்.

எட்டரைக்கு நான் திருக்கோகர்ணத்துல டவுன் பஸ்ஸ விட்டுட்டு நிப்பேன். பத்து மணிக்கு வந்து, தோட்டம் வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, எங்க வீட்டு வாசல் வாளி எவ்வளவு நெறஞ்சிருந்துச்சுன்னு யோசிச்சு ஒரு நம்பர் போடுவேன். ரவுண்டாப் போட்டா சந்தேகம் வரும்ல, அதனால பதினேழு புள்ளி நாலு. அந்தப் புள்ளி நாலுல எனக்கு அம்புட்டுப் பெருமை. நம்ம ஊரு மழை தெரியும்ல. இங்கிட்டு கொட்டும், அங்கிட்டு சும்மா தூறிட்டுப் போயிரும்.

மீமிசல் பக்கத்துப் பொண்ணு தேன்மொழி அப்ப அங்க ஆராய்ச்சி மாணவி. எவ்வளவு மழைக்குப் பக்கத்துக் கண்மாய் எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும். தெனமும் காலையில ஹாஸ்டல்ல இருந்து நடந்து போயி, கண்மாயில நட்ட அளவுக்கம்பப் பாத்து எழுதும். மழைக்கு என் நோட்டுதான். ரெண்டு கணக்கும் ரெண்டு வருஷமா ஒத்தே வரல.

"நான்தான் தப்பாப் பாக்குறேன்னு எச்ஓடி மேடம் சொல்றாங்க சார். கம்பு ஆடுதோ என்னமோ."

"இருக்கும்மா. மறுபடி ஊனிப் பாரு"ன்னேன்.

தற்காலிக வேலை, சொன்னா சீட்டு கிழிஞ்சிரும்னு பயம். தேன்மொழி மூணு தடவ கம்ப மாத்தி ஊனுச்சு. கடைசியில மேடம் அந்தப் பொண்ணோட ரெண்டு வருஷ நோட்டே செல்லாதுன்னுட்டாங்க. பொண்ணு ஆராய்ச்சிய விட்டுட்டு ஊருக்கே போயிருச்சு. அந்தச் செய்தி பலகையில வரல. அன்னைக்கி நான் எழுதுனது தண்ணீர் தினக் கோலப்போட்டி முடிவு.

இப்ப பலகை இல்ல. மேப் ரூம் கம்ப்யூட்டர் லேப் ஆயிருச்சு. தகர மழைமானி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போச்சோ. கண்மாயில பாதி வீட்டு மனை. அது எம்புட்டுத் தண்ணி பிடிச்சுச்சுன்னு உண்மையா எழுதி வச்சிருந்த ஒரே நோட்டு தேன்மொழியோடதுதான்.

குரூப்புல அதோட நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டு ஒண்ணு விடாமச் சொன்னேன். நோட்டு இருக்காம்மான்னு கேட்டேன்.

"கரையான் தின்னுருச்சு சார்."

அப்பறம் சொல்லுச்சு: "எனக்குத்தான் கண்ணு தெரியலையோன்னு பயந்து, கண்ணாசுபத்திரிக்கெல்லாம் போயிட்டு வந்தேன். இப்ப இதச் சொன்னா ஒங்களுக்கு நல்லாருக்கும். எனக்கு என்ன சார்? போனை வைங்க."