ஏழு பேருக்கான சூடு

சென்ற ஞாயிறு காலை ஓவர்கோட், தொப்பி சகிதம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் என்று நினைப்பீர்கள். இல்லை ஐயா... என் சொந்த வீட்டு மேல்மாடி அறையில்!

கனடாவில், ஸ்காபரோவில் வீடு வாங்கியபின் இது முதல் குளிர்காலம். நான்கு அறை. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி — நான்கு பேரும் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். நான் இங்கே தனியாக. எந்த அறையில் படுத்தாலும் அது வேறு யாரோ ஒருவருடைய அறையாகவே இருக்கிறது.

வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸ் செத்துப்போனதால், குளிர் தொடங்குமுன் புதிது போட்டேன். போட்டவர் நாதன். ஹீட்டிங் வேலை செய்யும் நம் ஆள். யன்னல், சுவர், அட்டிக் எல்லாம் அளந்து ஒரு சின்ன சைஸ் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு பேர் இருக்கப்போற வீடு நாதன். உதுவும் ஒரு சைஸோ? பெரிசாப் போடும்!"

நமக்கு அளவு என்றால் சோற்றுப்பானை அளவுதானே? ஐந்து பேர் என்றால் ஏழு பேருக்கு அரிசி போடுவோம். திடீரென்று யாராவது வந்து நின்றால்? சோறு காணாவிட்டால் மானம் போய்விடாதா? அதே கணக்கில் ஃபர்னஸும் வாங்கினேன். நாதன் தலையைச் சொறிந்தார்... போட்டுத் தந்தார்.

விளைவு? 'புஸ்ஸ்' என்று ஒரே மூச்சில் ஊதும். கீழே ஹோலில் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் 'போதும்' என்று உடனே நிறுத்திவிடும். மேலே சூடு வந்து சேருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி புஸ்ஸ்! வீட்டில் என்னைத் தவிரச் சத்தம் போடுவது அது ஒன்றுதான். சில நாள் அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அன்று நாதனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

"அண்ணை, கடைக்காரன் திருப்பி எடுப்பான். சின்னனா மாத்துவமோ?"

சின்னதா? அவர்கள் வரமாட்டார்கள் என்று நானே ஒத்துக்கொள்வதுபோல அல்லவா இருக்கும்!

"பிள்ளையள் வந்தாப் பிறகு அந்தச் சின்னன் காணுமோ?"

நாதன் சிரித்தார். "ஆக்கள் வந்தா இன்னும் குறையத்தான் தேவைப்படும் அண்ணை. சனமே சூடுதானே! சமையல், குளிப்பு, பிள்ளையள் ஓடித்திரியிறது..."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வந்த புதிதில் அஜின்கோர்ட் அப்பார்ட்மென்ட் ஒன்றில் எட்டுப் பேர் இருந்தோம். ஒருவன் மீன் பொரிப்பான், ஒருவன் குறட்டை விடுவான், இரண்டு பேர் எப்போதும் அரசியல் சண்டை. ஜனவரியிலும் யன்னலைத் திறந்து வைத்தோம். எப்போது தனி வீடு வாங்கித் தப்பலாம் என்று ஏங்கியவன் நான்!

"அப்ப தனி ஆளுக்குத்தான் பெரிசு வேணும், என்ன?"

"அண்ணை... உந்தக் குளிருக்கு நான் ஃபர்னஸ் விக்கிறேல்லை."

"இருந்து சாப்பிட்டிட்டுப் போமன். சோறு கனக்கக் கிடக்கு" என்றேன். அவருக்கு ரெக்ஸ்டேலில் இன்னொரு வேலை. போய்விட்டார்.

இரவு, அங்கே விடிந்தபின், கொழும்புக்குப் போன் எடுத்தேன். விசாவுக்கான மெடிக்கல் முடிந்தும் பதில் வரவில்லையாம். "ஆரம்மா அது?" என்று சின்னவள் கேட்பது காதில் விழுந்தது. என் மகள், என் குரலை யார் என்று கேட்கிறாள்...

மனைவி அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "இஞ்சாருங்கோ, வீடு சூடாக் கிடக்கோ?"

"ஃபர்னஸைச் சின்னனா மாத்தப்போறன். மிச்சச் சூட்டை நீங்கள் கொண்டுவாங்கோ."

அவள் சிரித்தாள்.

வீரமாகத்தான் சொன்னேன்... ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு!