எட்டாம் நம்பர் மீன்குழம்பு

என் மாமா பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைத்ததில்லை. அவர்தான் ஒரு கடற்கரை ஊரின் கோடை விழாவில் மீன்குழம்புப் போட்டிக்கு நடுவராக இருந்து தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதால் அது எந்த ஊர் என்று சொல்லாமல் விடுகிறேன். நான் இப்போது கோயமுத்தூரில் இருக்கிறேன் என்றாலும், அந்த ஊர்க்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பல்லடத்தில் வங்கி வேலையில் இருந்த அப்பாவுக்கு அந்தக் கடற்கரை ஊருக்கு மாற்றலானபோது எனக்கு ஏழு வயது. வெள்ளைக்காரர்கள் கட்டிய கோட்டை, கப்பலே வராத பழைய துறைமுகம், அதன் அருகில் கூரை உயர்ந்த சுங்கக் கட்டடம். எதைக் காட்டிக் கேட்டாலும் முந்நூறு வருஷம் என்பார்கள். எங்கள் வாடகை வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று அப்பா போய்ச் சொன்னபோதுகூட வீட்டுக்காரர் பெருமையாக அதையேதான் சொன்னார்.

எங்களுடையது முட்டைகூட நுழையாத சைவ வீடு. முதல் மாதம் முழுக்க அம்மா கருவாட்டு வாசனைக்கு எதிராகச் சாம்பிராணி போட்டே களைத்துப்போனார். நானோ இரண்டாம் மாதமே கட்சி மாறிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோற்றுத் தட்டை நீட்டி, "ஒரு வாய் தின்னு பாரு புள்ள" என்றார். தின்று பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையையும் விடவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை நான் அங்கே கோலம் பழகிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் பழகியும் எனக்கு ஒரு நேர்கோடு வராதது அவருக்குச் சந்தேகம் தரவில்லை. அப்பா வீட்டு ரத்தம் என்று விட்டுவிட்டார்.

மே மாதம் பிறந்தால் அந்த ஊருக்குக் கால் தரையில் நிற்காது. ஐந்து நாள் கோடை விழா. மணல் சிற்பம், படகுப் போட்டி, கோட்டை வாசலில் கோலப் போட்டி, சாயங்காலம் கடற்கரை மேடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம். இதெல்லாம் வெளியூர்க்காரர்கள் பார்ப்பதற்கு. உள்ளூர்க்காரர்கள் காத்திருப்பது கடைசி நாள் மீன்குழம்புப் போட்டிக்கு. மூன்று வருஷமாக அதில் முதல் பரிசு ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டு அம்மாவுக்கே போயிற்று. மூன்று வருஷமும் இரண்டாவதாக வந்தவர் எங்கள் பெரியம்மா. ஐஸ் இல்லாமல் ஒரு படகும் கடலுக்குப் போக முடியாது. அதனால், நடுவராக உட்காருகிறவர் எந்தக் குழம்பைச் சுவைத்தாலும் அதில் ஐஸ் கம்பெனிதான் தெரியும் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் பெரும் கூச்சலுக்குப் பிறகு விழாக் குழு ஒரு முடிவெடுத்தது. நடுவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும்.

மாமா அம்மாவின் அண்ணன். கோயமுத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர் செய்து விற்கிறார். போட்டியின் முதல் பரிசுக்கு ஒரு கிரைண்டர் வேண்டும் என்று விழாக் குழுவுக்காக அப்பா கேட்டிருந்ததால், அதை மடியில் வைக்காத குறையாக ரயிலும் பஸ்ஸும் மாறிக் கொண்டுவந்து சேர்த்தார். விழாத் தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வெளியூர். எங்களை விட்டால் ஊரில் சொந்தபந்தம் கிடையாது. ஐஸ் வாங்குகிற தொழிலும் இல்லை.

"நடுவரா இருக்கணும் சார்" என்றார்.

"அதுக்கென்னங்க, இருந்துபோட்டாப் போச்சுங்க" என்றார் மாமா. கோலப் போட்டி என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு விஷயம் தெரிந்தபோது கடைத்தெருவில் பிளெக்ஸ் பேனர் ஏறிவிட்டது. அதில் மாமா கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு இரண்டு இறால்கள். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு முடியாது என்று சொல்ல வாய் வராது. மாமாவும் விழாத் தலைவரிடம் போய், "ஏனுங்க, நமக்கு இது அவ்வளவா பழக்கமில்லீங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அடக்கம் என்று நினைத்து அவர் மாமாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்.

போட்டியன்று காலையில் மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மணி, இந்த ஊருப் புள்ளைகளோட சுத்தறயல்லோ, மீனு எப்படி இருக்கும்னு ஏதாச்சும் தெரியுமா கண்ணு?"

நான் கிணற்றுக்குள் பார்த்தேன். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

"தெரியுமுங்க மாமா. சனிக்கிழமை சனிக்கிழமை தின்னுவேனுங்க. அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

மாமா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ என் மானத்தக் காப்பாத்து அம்மணி. நான் செத்தாலும் உன்னையக் காட்டிக்குடுக்க மாட்டேன்."

போட்டி சுங்கக் கட்டடத்துக்குள் நடந்தது. யார் குழம்பு எது என்று தெரியாமலிருக்க, பதினொரு மண்சட்டிகளில் சாக்பீஸால் நம்பர் மட்டும் எழுதி மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவரைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. "என் கையெழுத்து எனக்கே வெளங்காதுங்க, புள்ள கூட வந்து மார்க் எழுதட்டுமுங்க" என்று கேட்டு மாமா என்னையும் அழைத்துப்போனார். அம்மா அந்நேரம் கோட்டை வாசலில் கோலப் போட்டியில் இருந்தார்.

கதவைச் சாத்தியதும் மாமா மேசையிலிருந்து நாலடி தள்ளி நின்று மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரண்டியை எடுத்தேன்.

அதற்குள் நான் மனசில் ஒரு தீர்மானம் செய்திருந்தேன். பெரியம்மாவின் குழம்பு எது என்று என் நாக்குக்குத் தெரியும். இரண்டு வருஷம் சாப்பிட்ட நாக்கு. அதற்குப் பத்துக்குப் பத்து. இது ஏமாற்று ஆகாதா என்று கொஞ்சம் யோசித்தேன். ஊரிலேயே நல்ல குழம்பு அதுதான், நல்லதுக்கு முதல் மார்க் போடுவதில் என்ன ஏமாற்று என்று முடிவுசெய்தேன்.

ஒன்றும் இரண்டும் பரவாயில்லை. மூன்றில் புளி கூடுதல். நான்காம் நம்பரில் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். காதுக்குள் குப்பென்று சூடேறியது. கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுக, கையை உதறிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினேன். மாமா தண்ணீர்ச் செம்போடு பின்னால் ஓடிவந்தார். "ரெண்டு! ரெண்டு மார்க்!" என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்நேரம் பார்த்து விழாத் தலைவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். மாமா சட்டென்று கைக்குக் கிடைத்த கரண்டியை ஒரு சட்டியில் விட்டு வாய்வரை தூக்கினார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்ததால் குழம்பு முழுவதும் மீசையில் போயிற்று. வாயைத் திறக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்றார். கண்ணோரம் நீர் வேறு தளும்பியது. தலைவர் நெகிழ்ந்துபோய், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய், "மனுஷன் ரசிச்சு அழுவுறாருப்பா" என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது.

எட்டாம் நம்பர்தான் நான் தேடியது. மாங்காய்ப் புளிப்பு, தேங்காய்ப் பால், நாக்கில் மெத்தென்று இறங்கும் குழம்பு. அதே சனிக்கிழமை. கொட்டை எழுத்தில் பத்து போட்டேன்.

"உறுதியாச் சொல்றயா அம்மணி?"

"உறுதிங்க மாமா."

சாயங்காலம் மேடையில் மாமா மைக்கைப் பிடித்தார். எல்லாருமே நன்றாக வைத்திருக்கிறார்கள், ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது, கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் நல்லாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' சேர்த்துக் கல்யாணத்துக்கு வாழ்த்துவதுபோல் பேசினார். பிறகு, "மொதப் பரிசு எட்டாம் நம்பருங்க" என்றார்.

நான் பெரியம்மாவைப் பார்த்துக் குதிக்கத் தயாராக நின்றேன். ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டு அம்மா எழுந்து மேடைக்குப் போனார்.

அவர் கிரைண்டரைத் தொட்டுக் கும்பிடுவதற்குள் எங்கள் தெருவே எழுந்துவிட்டது. பலகையில் ஒட்டியிருந்த மார்க் தாளை யாரோ செல்போனில் படமெடுத்து உரக்கப் படித்தார்கள். நான்காம் நம்பர், பெரியம்மாவினுடையது, பத்துக்கு இரண்டு. அந்த இரண்டு என் கையெழுத்தில், வால் வளைந்து, அழகாக இருந்தது. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ஒரு மீனவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நடுவர் அய்யா, எட்டாம் நம்பர்ல போட்டிருந்தது என்ன மீனுங்க?"

மாமா மைக்கைப் பார்த்தார். "நல்ல மீனுங்க" என்றார்.

"நல்ல மீனுதான். கொடுவாயா, வஞ்சிரமா?"

மாமா யாரையும் மனம் நோகச் செய்யாதவர். "ரெண்டுமே இருந்துச்சுங்க" என்றார்.

மீனவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா மாமாவின் மீசையில் போகாமல் நின்ற மஞ்சள் கறையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். கடைசியாக, இன்னும் சிவந்து வீங்கியிருந்த என் உதட்டைப் பார்த்தார். நான் மேடைக் கம்பத்துக்குப் பின்னால் போனேன்.

"ஏப்பா, வெளியூர்லேருந்து வந்த மனுசனுக்கு மீன் பேரு எப்படிப்பா தெரியும்?" என்று பெரியம்மாவின் குரல் எழும்பியது. "ருசிக்கச் சொன்னீங்க, ருசிச்சாரு. காரம் ஒத்துக்கல, ரெண்டு போட்டாரு. தோத்தவ நானே சும்மா நிக்கிறேன், ஒனக்கு என்ன? போ, போயி வலையப் பாரு."

தோற்றவரே சொன்ன பிறகு யார் சண்டை போடுவது? கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. மாமா அன்றிரவு மூன்று முறை சோப்புப் போட்டு மீசையைக் கழுவினார். அம்மா காரணம் கேட்டபோது உப்புக்காற்று என்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் கோலம் பழகப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை பெரியம்மாவே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "ஏ புள்ள, சோறு ஆறுது, வா."

போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். தட்டு வந்தது. ஒரு வாய் வைத்தேன். மாங்காய்ப் புளிப்பு, தேங்காய்ப் பால், மெத்தென்ற அதே குழம்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இத்தனை நல்லா வெக்கத் தெரியுதல்லோ, அன்னிக்குப் போட்டியில மட்டும் ஏனுங்க பெரியம்மா அப்படி வெச்சுப்போட்டீங்க?"

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "இதக் கொண்டுபோயி நான் போட்டியில வெக்கவா? எங்க வீட்டு ஆம்பளைங்க என்னைத் தொரத்திவுட்ருவாங்கடி."

பெரியவர்களுக்கு மேடை என்றால் கை நடுங்கிவிடும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் பதறாமல், மிளகாயைப் பாதியாகக் குறைத்து வைக்கும்படி அவருக்குப் புத்திமதி சொன்னேன். சரி என்று தலையாட்டினார். அவருக்குப் பின்னால் அடுப்பில் செக்கச்சிவந்த குழம்போடு பெரிய சட்டி ஒன்றும் பக்கத்தில் என் இரண்டு கைக்குள் அடங்குகிற சின்னச் சட்டி ஒன்றும் இருந்தன. எனக்குச் சின்னச் சட்டியிலிருந்துதான் ஊற்றினார். ஒரே மீனுக்கு அந்த வீட்டில் ஏன் இரண்டு குழம்பு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினேன்.