செக் பையரின் பெயரில் ஒரே ஒரு எழுத்து

பனியன் கம்பெனிக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே ஓடும் மெர்ச்சண்டைசர் வேலைக்குக் கை நிறைய சாம்பிளும் காது நிறைய திட்டும் போதும் என்று நம்பித்தான் நீங்களும் நானும் திருப்பூரில் இந்தத் தொழிலுக்கு வந்தோம். நாக்கையும் கேட்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

முதலாளியின் மரியாதை

செக் நாட்டிலிருந்து, துணி வாங்கும் ஒரு புது பையர் எங்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக மெயில் போட்டிருந்தார். குழந்தைகள் பனியன், பெரிய ஆர்டர். கிடைத்தால் எனக்குத் தனி டீம். இல்லாவிட்டால் பழையபடி பட்டனையும் லேபிளையும் துரத்திக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

அவர் பெயர் யிர்ஷி. நான் எழுதியிருப்பது ஒப்புக்குத்தான். நடுவில் இருக்கும் எழுத்துக்கு நாக்கு நுனியில் ர-வை உருட்டும்போதே ஷ-வையும் சேர்த்து விட வேண்டும். போனில் உச்சரிப்பைப் போட்டுக் கேட்டுக் கேட்டு முயன்றதில் எச்சில்தான் தெறித்தது. 'சார்' என்று கூப்பிட்டு ஒப்பேற்றிவிடலாமே என்றேன். முதலாளி மசியவில்லை. "நம்ம ஊட்டுக்கு வர்றவரைப் பேரு தப்பாக் கூப்புட்டா நல்லாவா இருக்குமுங்க அம்மிணி?"

கழுத்து

முதலில் சின்னச் சொற்களில் நாக்கைப் பழக்கினேன். செக் மொழியில் கழுத்துக்கு 'க்ர்க்'. நடுவில் உயிரெழுத்தே கிடையாது. நமக்கோ ஒரு உகரத்தைச் செருகாமல் வாய் நகராது. பனியனின் கழுத்தளவைப் பார்த்தபடி 'க்ர்க், க்ர்க்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டு பாட்டிலை நீட்டினார். "மொதல்ல தண்ணியக் குடிங்க, அளவு அப்பறம் பாக்கலாமுங்க."

நிட்டிங் மெஷின்

ஆபீசில் எல்லோரும் சிரித்ததால் நிட்டிங் மெஷின்கள் ஓடும் இடத்துக்குப் போய்விட்டேன். அந்த இரைச்சலில் என் உருட்டல் யாருக்குக் கேட்கும்? ஒருநாள் பக்கத்து மெஷின் சட்டென்று நின்றது. தூத்துக்குடிக்காரரான ஆபரேட்டர் குனிந்து எதையோ தேடினார். மெஷின் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். "பேரிங் போயிட்டுன்னுல்லா நெனச்சேன் மேடம்."

அவர் வந்த நாள்

அந்தப் பேரிங் சத்தம்தான் சரியான உச்சரிப்பு. மாலையோடு வாசலில் நின்று பெயரைச் சொன்னேன். பழக்க தோஷத்தில் கடைசியில் ஒரு 'ங்க'வும் சேர்ந்துவிட்டது. அதைக் கேட்டதும் முதலாளியின் முகம் சுருங்கியது. டீம் போச்சு என்று நினைத்தேன். யிர்ஷி பையிலிருந்து போனை எடுத்து என் வாயருகே நீட்டி, இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். "இந்த எழுத்து எனக்கே இன்றுவரை வந்ததில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள், என் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்."

ஆர்டரும் டீமும் கிடைத்துவிட்டன என்றாலும், அவர் பெயரை அவரைவிட நன்றாகச் சொல்கிறேன் என்பதற்காக டெலிவரி தேதியை ஒரு நாள்கூடத் தள்ளித் தர மாட்டேன் என்கிறார்.